வலது முன் கீழ் போல்ட்

1

தடாரென்று ஷட்டர் இறங்கியது. என் மேசையில் இருந்த தேநீர்க் கோப்பை ஒருமுறை குதித்து அமர்ந்தது. கீழே கராஜிலிருந்து ஒரு பெண் குரல் வந்தது:

"இனிமே நீங்க கை வச்ச கார்ல நான் ஏற மாட்டேன்!"

இந்தக் கதை பிறந்தது அங்கேதான். நுவரெலியாவில் ஒரு கராஜுக்கு மேல்மாடியில் நான் வாடகைக்கு இருக்கிறேன். வாரப் பத்திரிகைக்குத் தொடர்கதை எழுதுகிறேன். அந்தச் சத்தமும் அந்த வாக்கியமும் ஜன்னல் வழியாகக் காதில் விழுந்த வேறு சிலதும் என் மூலதனம். மற்றதெல்லாம் நான் கட்டுவது. பெயர்கள்கூட நான் வைத்தவை. அவள் யூஜினா. அவன் அவளுடைய கணவன் டினேஷ், மெக்கானிக். கார் சிவப்பு, இரண்டே இருக்கை, கூரையைப் பின்னால் மடித்துவிடலாம். எங்கோ மோதி நசுங்கிக் கிடந்ததை டினேஷ் வாங்கி வந்து உயிர் கொடுத்தான். ஓட்டுபவள் யூஜினா.

எப்படித் தொடங்குவது?

"பனி மூடிய தேயிலை மலைகளின் நடுவே ஒரு சிவப்பு மின்னல்..." வேண்டாம். இது ஹோட்டல் விளம்பரம்.

"கணவனைச் சந்தேகிக்கத் தொடங்கிய பெண்ணுக்கு வீடு என்பது..." இதுவும் வேண்டாம். முதல் வரியிலேயே தீர்ப்பு எழுதியாயிற்று.

பிரேக் போன இடத்திலிருந்தே தொடங்குகிறேன்.

2

யூஜினா பிரேக்கை மிதித்தாள். மிதி பஞ்சுக்குள் போவதுபோலத் தரைவரை போனது.

வலது முன் சக்கரத்தில் டங் டங் என்று இரும்பு அடித்தது. வளைவு நெருங்கிக்கொண்டிருந்தது. கியரைக் குறைத்தாள், கைபிரேக்கை இழுத்தாள், காரைப் புல்லுக்குள் விட்டாள். கார் இரண்டு சுற்றுச் சுற்றி, பழைய டயர்களை அடுக்கிக் கட்டியிருந்த சுவருக்கு ஒரு முழத் தூரத்தில் நின்றது.

கடற்கரைப் பக்கம், கீழ்நாட்டில் இருந்த பந்தயப் பாதை அது. அன்று பந்தயம் இல்லை, பயிற்சி நாள். கார்ப் பைத்தியங்கள் தங்கள் தங்கள் காரைக் கொண்டுவந்து, ஆசை தீர ஓட்டி, வீட்டுக்குப் போவார்கள். கோப்பையும் இல்லை, கைதட்டலும் இல்லை.

"யூஜி! யூஜி!" என்று கத்திக்கொண்டு டினேஷ் ஓடி வந்தான். அவன் சக்கரத்தைக் கழற்றியபோது, பிரேக் கட்டையைப் பிடித்திருக்கும் இரும்புக் கவ்வி மேல் போல்ட்டில் மட்டும் தொங்கிக்கொண்டிருந்தது. கீழ் போல்ட்டைக் காணோம்.

அந்தப் போல்ட்டை அன்று காலையில்தான் கழற்றியிருந்தான். மலைப் பாதையில் இறங்குவதற்கு ஒரு கட்டை, பந்தயப் பாதையின் சூட்டைத் தாங்க வேறொரு கட்டை. போய்ச் சேர்ந்ததும் மாற்றுவது வழக்கம். மாற்றிய பிறகு பெரட்டு.*

(* பெரட்டு தெரியாதவர்களுக்கு: தோட்டத்தில் காலையில் ஆட்களை நிறுத்தி வைத்துப் பெயர் கூப்பிடுவது. கல்யாணத்துக்கு முன் யூஜினா டயகம தோட்டத்தில் தேயிலைக் கொழுந்து எடுத்தவள். கணக்கப்பிள்ளை "ராக்காயி" என்று கூப்பிடும்போது ராக்காயி லயத்து வீட்டுப் படியில் செருப்பைத் தேடிக்கொண்டிருப்பாள். பக்கத்தில் நிற்பவள் குனிந்துகொண்டு "இருக்கேங்க" என்பாள். யாரும் அதைப் பொய்யாக நினைப்பதில்லை. செத்துப்போன கிழவிக்குக்கூட உங்க தோட்டத்துல பதில் வரும் என்று டினேஷ் கிண்டலடிப்பான். அவன் டவுனில் வளர்ந்தவன்.)

காருக்கும் பெரட்டு வைத்தவள் யூஜினாதான். சக்கரங்களைப் பூட்டுவதற்கு முன் அவள் இருக்கையில் உட்கார்ந்து ஒவ்வொன்றாகக் கூப்பிடுவாள். "வலது முன், மேல் போல்ட்!" கீழே குனிந்திருப்பவர் அதைக் கையால் தொட்டுவிட்டு "இருக்கு" என்று சொல்ல வேண்டும். தொடாமல் சொல்லக் கூடாது. இறுக்கிய போல்ட்டின் தலையில் வெள்ளை மையால் ஒரு கோடும் இருக்கும். போல்ட் அசைந்தால் கோடு விலகிக் காட்டிக்கொடுத்துவிடும்.

அன்றும் பெரட்டு நடந்தது. தலைக்கவசத்தின் வாரோடு போராடிக்கொண்டே அவள் கூப்பிட்டாள். எல்லாவற்றுக்கும் "இருக்கு" வந்தது. முடித்து இறங்கியபோது பின்மூடியின் மேல் பால் கலக்காத பிளேன்டீ மூன்று ஆறிக்கொண்டிருந்தன.

3

அடுத்த பயிற்சி நாளுக்கு முந்தின மாலை. டினேஷ் பழைய பிரேக் எண்ணெயை வடித்துக்கொண்டிருந்தான். நுவரெலியாவின் ஈரத்தை அந்த எண்ணெய் உறிஞ்சிக்கொள்ளும். பந்தயப் பாதைச் சூட்டில் அது கொதித்தால் பிரேக் இல்லை. இது தனியாகச் செய்ய முடியாத வேலை. ஒருவர் உள்ளே இருந்து மிதிக்க வேண்டும்.

"மிதி."

மிதித்தாள்.

"பிடி... பிடி... விடு."

விட்டாள்.

"என்ன அப்புடி பாக்குற?"

"கையத்தான் பாக்குறேன்."

"எண்ணெய்க் கை. என்ன இருக்கு பாக்க?"

"அந்தக் கை அன்னைக்கு என்ன செஞ்சிச்சுன்னு யோசிக்கிறேன்."

டினேஷ் குழாயைப் பிடித்தபடி நிமிர்ந்தான்.

(இந்த இடத்தில் "அவன் கண்களில் குற்ற உணர்வு..." என்று தொடங்கி நிறுத்திவிட்டேன். அவன் கண்களை யார் பார்த்தது? அவனுக்கும் அவளுக்கும் நடுவில் கார்க் கதவு இருந்தது.)

"நான் இறுக்கினேன் யூஜி. மாதா மேல சத்தியமா."

"மாதாவ ஏன் கராஜுக்குக் கூப்புடுறீங்க?"

"சரி, விடு. பெரட்டுல இருக்குன்னு பதில் வந்துச்சா இல்லியா? நீதானே கூப்பிட்ட?"

"வந்துச்சு."

"அப்புறம் என்ன?"

"அதத்தான் நானும் கேக்குறேன். இருக்குன்னு வந்த போல்ட்டு எங்க போச்சு? கால் மொளச்சு எறங்கிப் போயிருச்சா?"

அவன் மறுபடி குழாயிடம் குனிந்தான். அவள் விடவில்லை.

"'போதும் யூஜி, நமக்குப் புள்ள இருக்கு, இந்தக் காரை வித்துருவோம்'னு வருஷம் பூரா சொன்னது யாரு?"

"அதுக்காக போல்ட்ட கழட்டி உன்னச் சாகச் சொல்லுவனா? லூசாடி நீ?"

"நான் அப்புடிச் சொல்லல. நீங்களா சொல்றீங்க."

வெளியே வந்தாள். ஷட்டரை இரண்டு கையாலும் பிடித்து இழுத்து இறக்கினாள், புருஷனை உள்ளே வைத்தே. நீங்கள் முதலில் கேட்ட தடார் இதுதான்.

ஆனால் அவளால் கோபத்தோடு வீட்டுக்குப் போய்ப் படுத்துக்கொள்ள முடியாது. நாளைக்கு அந்தக் காரில் ஏறாவிட்டால், அடுத்த நாள் அவன் தரும் தேநீரையும் முகர்ந்துதான் குடிக்க வேண்டியிருக்கும். அவளுக்கு அது புரிந்தது. கார் ஒருபக்கம் இருக்கட்டும். இத்தனை வருடம் ஒரே படுக்கையில் படுத்த மனுசன் யார் என்பதுதான் இப்போது கேள்வி.

கொஞ்ச நேரத்தில் ஷட்டர் மறுபடி ஏறியது. பிறகு எனக்குக் கேட்டது அளவான இறுக்கத்தில் கிளிக் என்று சொல்லும் ரெஞ்சின் சத்தம். ஒவ்வொரு போல்ட்டுக்கும் இரண்டு தடவை. முதல் கிளிக் அவன். இரண்டாவது கிளிக் அவள்.

அவள் இறுக்கிய தலைகளின் மேல் வெள்ளைக் கோடு போட்டுக்கொண்டே போனான்.

4

தொடர்கதை எழுதுபவனுக்கு இந்த நிலையில் ஒரு வில்லன் வேண்டும். ஆள் தயாராக இருக்கிறார். பெயர் உமாசுதன். யாழ்ப்பாணத்துக்காரர், நுவரெலியாவில் அரசாங்க உத்தியோகம், டினேஷின் கராஜே கதி. ஒவ்வொரு பயிற்சி நாளுக்கும் உபரிச் சக்கரங்களையும் கருவிகளையும் பின்பக்கம் திறந்த தன் கெப் வண்டியில் ஏற்றிக்கொண்டு பின்னால் வருவார். அந்தச் சிவப்புக் காரின் மேல் அவருக்கு ஒரு கண். "எப்பவாவது விக்கிறதெண்டா எனக்குத் தாங்கோ" என்று பலமுறை கேட்டிருக்கிறார்.

பிரேக் போன அன்று மாலை, எல்லோரும் காரைச் சுற்றி நின்றபோது, இவர் மட்டும் பாதையோரப் புல்லில் குனிந்து குனிந்து நடந்தார். யூஜினா பார்த்தாள்.

"என்ன சேர் தேடுறீங்க?"

"சாவி விழுந்திட்டுது, தங்கச்சி."

பிறகு அவள் கெப்பைக் கடந்து போனாள். சாவி அதன் துவாரத்திலேயே தொங்கிக்கொண்டிருந்தது.

ஆகவே, முடிவு ஒன்று: போல்ட்டைத் தளர்த்தியவர் உமாசுதன். பயந்துபோய் இவர்கள் காரை விற்பார்கள், அவர் வாங்குவார். வாசகர்களில் பாதிப்பேர் இந்நேரம் அவரைக் கைது செய்திருப்பீர்கள். வெளியூர், வேறு பேச்சு, பெரிய உத்தியோகம். சந்தேகிக்க இவ்வளவு வசதியான ஆள் கிடைத்தால் எனக்கே உறுத்துகிறது.

முடிவு இரண்டு: டினேஷ்தான். பாசத்தினால் செய்தான், மெதுவாகத்தான் போவாள் என்று நினைத்தான், இப்போது அழுகிறான், அவள் மன்னிக்கி...

இதைத் தட்டச்சு செய்யும்போதுதான் கீழே அந்த இரட்டைக் கிளிக் கேட்டது. கொல்ல நினைத்தவன், தன் வேலையைப் பெண்டாட்டி மறுபடி சோதிக்கும்போது இவ்வளவு பொறுமையாகப் பக்கத்தில் நின்று கோடு போடுவானா? போடலாம். போடமாட்டான் என்று என்னால் அடித்துச் சொல்ல முடியவில்லை. ஆனாலும் அந்தப் பக்கத்தைக் கசக்கி எறிந்துவிட்டேன்.

5

இனி வருவது முழுக்க என் கற்பனை. அந்தக் கெப்புக்குள் நான் இருக்கவில்லை.

காலையில் டினேஷ் சிவப்புக் காரை எடுத்தான். யூஜினா அவன் பக்கத்து இருக்கையைப் பார்த்தாள், பிறகு கெப்பில் ஏறிக்கொண்டாள்.

"இவர் தனியவோ?" என்றார் உமாசுதன்.

"தனியா போகட்டும் சேர். அவரு இறுக்குன கார்தானே."

தலவாக்கலை, ஹட்டன், கினிகத்தேனை. முன்னால் சிவப்புக் கார் ஒவ்வொரு வளைவிலும் மறைந்து மறைந்து தெரிந்தது. ஒவ்வொரு தடவை அதன் பிரேக் விளக்கு எரிந்தபோதும் அவள் வலது கால் தானாக அழுந்தியது. ஜன்னல் கண்ணாடியை இறக்கி முகத்தை வெளியே நீட்டினாள்.

"தலை சுத்துதோ? அந்த லாச்சிக்குள்ள இஞ்சி டொஃபி கிடக்கு, எடுங்கோ."

முன்னாலிருந்த சிறு பெட்டியைத் திறந்தாள். டொஃபிக்குப் பக்கத்தில் ஒரு கைக்குட்டை சுருண்டு கிடந்தது. தூக்கியபோது கனத்தது. பிரித்தாள்.

போல்ட்.

(அவர் அது அங்கே இருப்பதை மறந்துவிட்டாரா? அவளே எடுக்கட்டும் என்றுதான் டொஃபியைக் காட்டினாரா? எழுதியவன் நான். எனக்கே தெரியவில்லை.)

"இதுதானா சேர் உங்க சாவி?"

உமாசுதன் வேகத்தைக் குறைத்தார். பொய் சொல்லப் பார்த்தார், வரவில்லை.

"புல்லுக்குள்ள கிடந்தது."

"எங்க காரு வேணும்னா கேட்டு வாங்கிருக்கலாமே. என் உசிர எடுத்துத்தான் வாங்கணுமா?"

"ஐயோ, என்ன பிள்ளை கதைக்கிறீங்கள்? போல்ட்டின்ர தலையைத் திருப்பிப் பாருங்கோ. கோடு இருக்கோ?"

பார்த்தாள். போல்ட்டின் தலை துடைத்துவிட்டதுபோல இருந்தது. வெள்ளைக் கோடு இல்லை. இருந்து அழிந்த தடமும் இல்லை.

"இதைக் காட்டினா டினேஷ் இறுக்கேல்லை எண்டு தெரிஞ்சிடும். உங்கட வீட்டுக்குள்ள சண்டை வரும். அதுதான் ஒளிச்சு வச்சனான்."

யூஜினாவுக்கு அழுகையும் வெற்றியும் ஒன்றாக வந்தன. கையில் சாட்சி. அவன் மாதா மேல் வைத்த சத்தியம் பொய்.

"அப்ப கையால சும்மா திருகி விட்டுட்டுப் போயிருக்காரு. தொடாமலே இருக்குன்னு சொல்லிருக்காரு. பெரட்டுல பொய் சொல்லிருக்காரு சேர், எனக்கு!"

உமாசுதன் ஒரு வளைவைக் கடந்தார். சொல்லாமல் விட்டுவிடலாமா என்று யோசித்திருப்பார்.

நானும் யோசித்தேன். அவர் சொல்லப்போவதை எழுதாமல் நிறுத்தினால், நீங்கள் யாரை வேண்டுமானாலும் குற்றவாளியாக்கலாம், கதையும் சுகமாக முடியும். எழுதினால் முடிவு என் கையை விட்டுப் போய்விடும். பந்தயப் பாதைக்குப் போய்ச் சேர்ந்து அவள் டினேஷிடம் என்ன சொன்னாள், சிவப்புக் காரில் ஏறினாளா, மறுபடி பெரட்டு வைத்தாளா, எதையும் என்னைக் கேட்காதீர்கள். அவளுடைய இடத்தில் உட்கார்ந்து நீங்கள் முடித்துக்கொள்ளுங்கள். அவர் சொன்னது மட்டும் இது:

"டினேஷ் அப்ப தேத்தண்ணி வாங்கப் போயிட்டார், தங்கச்சி, 'கீழ் போல்ட்' எண்டு கூப்பிட்டதும் நீங்கள், குனிஞ்சுகொண்டு 'இருக்கு' எண்டு சொன்னதும் நீங்கள்தான், நான் அதுவும் உங்கட தோட்டத்து முறையாக்கும் எண்டு நினைச்சன்."