குவைத்துக்கு ஒரு பாங்கு

வேதாளையில் காற்றில் உப்பு அதிகம். மிகைப்படுத்திப் பேசும் பழக்கம் எனக்கு இல்லை. எங்கள் வீட்டுக் கொடியில் காயும் சட்டையை உதறினால் ஒரு நாள் குழம்புக்கு உப்பு தேறும், அவ்வளவுதான். முப்பத்தெட்டு வருஷம் வள்ளத்தில் இஞ்சின் ஓட்டியவன் நான். பேட்டரி முனையில் மாதம் ஒருமுறை கிரீஸ் தடவாவிட்டால் நடுக்கடலில் இஞ்சின் நம்மைக் கைவிட்டுவிடும். என்னுடையது கைவிட்டதில்லை. ஒருமுறை டீசல் தீர்ந்த பிறகும் பழக்கதோஷத்தில் கரை வரை ஓடியது.

போன வெள்ளிக்கிழமை விடியற்காலையில், குவைத்தில் இருக்கும் என் மகள் ஜுவைரியாவுக்குப் பெண் குழந்தை பிறந்தது. பெயர் சுஹா. பிறந்த பிள்ளையின் வலது காதில், தொழுகைக்கு அழைக்கும் பாங்கைச் சொல்ல வேண்டும். வீட்டுப் பெரியவர் சொல்வது வழக்கம்.

“வாப்பா, நீங்கதான் சொல்லணும். மத்தியானம் புள்ளைய ரூமுக்குக் கொண்டாந்ததும் வீடியோவுல வாரேன்” என்று மகள் போனில் சொல்லிவிட்டாள்.

ஆனால் அவளுடைய மாமனார் ஹமீது சுல்தான் அந்த ஆஸ்பத்திரி அறையிலேயே தொண்டையைச் செருமிக்கொண்டு உட்கார்ந்திருந்தார். போனை வாங்கி, “ஒங்க ஊரு அஸர் தொழுகை வரைக்கும் பாப்போம் சம்பந்தி. அதுக்கு மேல புள்ளைய காக்க வைக்கிறது சரியில்ல” என்றார். மனிதர் குரலில் அவ்வளவு சந்தோஷத்தை நான் கல்யாணத்தில்கூடக் கேட்டதில்லை.

முக்கியமான அழைப்பு ஆயிற்றே என்று, பசியாறியதும் இன்டர்நெட் பெட்டியைச் சர்வீஸ் செய்தேன். ஒவ்வொரு வயராகப் பிடுங்கி, துடைத்து, முனையில் அளவாகக் கிரீஸ் வைத்துத் திரும்பச் செருகினேன். உடனே பெட்டியில் சிவப்பு விளக்கு மின்னத் தொடங்கியது. இது ஹமீது சுல்தானின் வேலை என்று புரிந்துகொண்டேன்.

“அணைச்சுட்டு முப்பது எண்ணிட்டுப் போடுங்க” என்றாள் என் மனைவி ஜுனைதா. முப்பது எண்ணினேன். பிறகு முந்நூறு எண்ணினேன். பெட்டியை பீரோ மேல் ஏற்றி, முகத்தைக் குவைத் பக்கம் திருப்பி வைத்தேன். கடைசியில் அதன் முதுகில் இருந்த ஓட்டைக்குள் ஊக்கை விட்டு அழுத்தினேன்.

ஜுனைதா செல்லைப் பார்த்தாள். “முன்னாடி நெட்டு மட்டும்தான் இல்ல. இப்ப வைஃபை பேரையும் காணோம். இன்னும் எதையாச்சும் அமுக்குங்க, வீடும் போகட்டும்.”

எங்கள் வாசலில் நின்றால் செல்லில் ஒரு கோடு தெரியும். கேபிள்காரனைக் கூப்பிட அது போதும், குவைத் வரை தாங்காது.

“ஏலே மாரீசு, எங்கன இருக்க?”

“உச்சிப்புளில, கம்பத்து மேல மாமா.”

“எறங்கி வா. அஸருக்குள்ள பாங்கு சொல்லணும்.”

“பள்ளிவாசல்ல மைக் இருக்குல்ல மாமா?”

“குவைத்துல சொல்லணும்லே!”

மாரீஸ்வரன் வந்த வேகத்தைச் சொன்னால் நம்பமாட்டீர்கள். வண்டி வந்து நின்றது. அதன் சத்தம் கொஞ்சம் கழித்து வந்து சேர்ந்தது.

மஞ்சள் வயரை உருவி, முனையை முகர்ந்து பார்த்தான். “மாமா, இதுல என்ன தடவுனீக?”

“கிரீஸ். வள்ளத்துக்குப் போடுற நல்ல கிரீஸ்.”

“இதுக்குள்ள கரண்டு போகல மாமா. கண்ணாடி நரம்பு. வெளிச்சந்தான் வருது. அது வார வாசல்லயே பூசி அடைச்சிருக்கீக.”

“என் மூக்குக் கண்ணாடிய ஒளிச்சு வச்சேன் தம்பி, அதான் தப்பிச்சுச்சு” என்றாள் ஜுனைதா.

“துருப் பிடிக்காதுல்ல?” என்று கேட்டேன்.

“பிடிக்காது மாமா. ஏழு தலைமுறைக்குப் பிடிக்காது.”

ஸ்பிரிட்டில் நனைத்து முனையைத் துடைத்தான். பெட்டியின் துளைக்குள்ளும் குச்சி விட்டுத் துடைத்தான். நான் அழித்துவிட்ட பெயரையும் கடவுச்சொல்லையும் திரும்பப் போட்டான். பள்ளிவாசலில் அஸர் பாங்கு சொல்ல மோதினார் மைக்கைத் தட்டிப் பார்க்கும் சத்தம் கேட்டது. மூன்று பேரும் அந்த விளக்கையே பார்த்தோம். சிவப்பு அணைந்தது. கொஞ்ச நேரம் ஒன்றுமே இல்லை. பிறகு பச்சை.

அழைப்பு போனபோது ஹமீது சுல்தான் தொட்டில் மேல் குனிந்திருந்தார். வாயும் திறந்திருந்தது.

“சம்பந்தி, நிமிருங்க!” என்றேன். “போனைப் புள்ளையோட வலது காதுகிட்டப் பிடிங்க.”

ஜுவைரியா நீட்டிய போனை வாங்கிப் பிடித்தார். வேறு வழியில்லை.

மெதுவாகத்தான் சொன்னேன். கடலில் அடுத்த வள்ளத்தைக் கூப்பிட்டுப் பழகிய மெதுவு. மூன்று அறை தள்ளி ஒரு எகிப்துக்காரர் தொழுகைக்கு நேரமாகிவிட்டதென்று அவசரமாகக் கைகால் கழுவி ஒளு செய்யப் போனாராம். ஜுவைரியா அழுதுகொண்டே சிரித்தாள். முடிந்ததும் சம்பந்தி போனைக் குழந்தையின் முகத்துக்கு நேராகக் கொண்டுவந்தார். சுஹா கண்ணைத் திறந்து என்னைப் பார்த்தாள்.

“பொறந்த புள்ளைக்கு ஒரு சாணுக்கு மேல பார்வை தெரியாதுங்க” என்றாள் ஜுனைதா.

போன் அரைச் சாணில் இருந்தது.