வீட்டில் யாரும் இல்லை

1

"அக்கா, நான் வீட்ல இருக்கேனா, இல்லியா?"

"இன்னாடி கேள்வி இது? வீட்ல இருந்துதானே சுவத்துக்கு மேல எட்டிப் பாத்துப் பேசினுகீற?"

"அந்த மெஷினு இல்லன்னு சொல்லுதே."

போன மாதம் கே.ஜி.எஃப். தங்கவயலின் ஸ்கெலட்டன் குடியிருப்பில், எங்கள் இரண்டு வீட்டுக்கும் நடுவிலுள்ள சுவரருகே நடந்த பேச்சு இது. கேட்டவள் பக்கத்து வீட்டு லவினா. இந்தக் கதையை நானே கற்பனை செய்தேன் என்று சொல்ல ஆசைதான். திருடினேன். [லவினாவுக்குத் தெரியும். "எழுதுக்கா, கொஞ்சம் ஒல்லியா காட்டு" என்றாள். காட்டியாயிற்று.]

2

முதலில் எழுதிய தொடக்கம்: "தங்கம் தீர்ந்துபோன மண்ணில், சுரங்கக் கழிவு குவிந்த சயனைட் மேட்டின் பின்னால் மாலைச் சூரியன்..."

அடித்துவிட்டேன். கே.ஜி.எஃப். என்றதும் வாசகர்கள் சுரங்கத்துக்குள் இறங்கிவிடுகிறார்கள். இந்தக் கதையில் யாரும் இறங்கவில்லை. டென்னிஸ் ஏணியில் ஏறுகிறான்.

டென்னிஸ், லவினாவின் கணவன். தினமும் காலை ரயிலில் பெங்களூரு போய்க் கம்ப்யூட்டர் வேலை பார்த்துத் திரும்புகிறவன். ஒரு ஞாயிறு, ஆராதனை முடிந்த கையோடு வீட்டின் ஏழு பல்புகளையும் கழற்றிவிட்டு, வெளிச்சத்தைப் போனிலிருந்தே கூட்டவும் குறைக்கவும் முடிகிற பல்புகளை மாட்டினான். சுவர் சுவிட்சை அணைத்துவிட்டால் போன் சொல்வது அவற்றின் காதில் விழாது. ஆகவே எல்லா சுவிட்சையும் போட்டு, மேலே டேப் ஒட்டினான். லவினாவின் போனையும் அந்த ஏற்பாட்டில் சேர்க்க அரை மணி நேரம் ஆகும். "அடுத்த சண்டே சேத்துர்றேன், லவி" என்றான். நான்கு சண்டே போய்விட்டது.

வீட்டில் ஆள் உண்டா என்பதை அந்த ஏற்பாடு போனை வைத்துத்தான் முடிவு செய்யும். அதற்குத் தெரிந்தது ஒரே போன். விடிகாலையில் டென்னிஸ் சர்ச் மூலையைத் தாண்டியதும் அலமாரி மேலுள்ள ஸ்பீக்கர் பேசும்: "வீட்டில் யாரும் இல்லை. விளக்குகள் அணைக்கப்படுகின்றன." என்னைவிட நல்ல தமிழ். வெடுக்கென்று அணைப்பதில்லை, அவ்வளவு நாகரிகம். மெல்ல மெல்ல மங்கும். அடுப்பெதிரே தோசைக்கரண்டியோடு நிற்கிற லவினாவும் கூடவே மங்குவாள்.

3

பதினெட்டு குடும்ப நாவல்கள் எழுதியிருக்கிறேன். பதினெட்டிலும் கணவனும் மனைவியும் சமாதானமாகிற அத்தியாயத்தின் கடைசி வரியில் விளக்கு மங்கும். மங்கவைத்தது யார், சுவிட்சு யார் கையில் இருந்தது என்று ஒரு வாசகிகூடக் கேட்டதில்லை. நானும் என்னைக் கேட்டுக்கொண்டதில்லை.

டென்னிஸ் கெட்டவனா? முதல் வரைவில் பெரிய மீசை வைத்து அதட்டவிட்டேன். பொய். மீசையை எடுத்துவிட்டேன். லவினா ஒருநாள் டேப்பைப் பிய்த்து சுவிட்சைத் தட்டியபோதுகூட அவன் கோபப்படவில்லை. ரயிலிலிருந்து போன் செய்து, "சிஸ்டம்ல எர்ரர் காட்டுதும்மா. எதையாவது தொட்டியா?" என்று கொஞ்சலாகத்தான் கேட்டான்.

ஏழு வருடத்துக்கு முன்பும் அப்படித்தான். லேப் டெக்னீஷியன் படித்த லவினா, தானும் வேலைக்குப் போகலாமா என்று கேட்க வாயெடுத்தாள். கேட்கும் முன்பே, ஷூவுக்கு பாலிஷ் போட்டபடி, "வீட்ல ஒரு ஆள் இருக்கணும்ல, லவி" என்றான். அன்போடுதான். அவள் கேள்வியை விழுங்கிவிட்டாள்.

4

முடிவு அ: டென்னிஸ் மனம் மாறி அவள் போனையும் சேர்க்கிறான். "வீட்டில் ஒருவர் இருக்கிறார்" என்கிறது ஸ்பீக்கர். லவினாவின் கண் கலங்க, விளக்கு ம

[வேண்டாம்.]

முடிவு ஆ: லவினா ஏழு பல்பையும் உடைக்கிறாள். [பெருக்கி அள்ளுவதும் அவள்தான்.]

அவளையே கேட்டேன்.

"கதையில நான் அவரைக் கேக்குற மாதிரி எழுதிடுக்கா. படிச்சுக்கட்டும்."

"என் கதையெல்லாம் அவன் எங்கடி படிக்கப்போறான்?"

"பல்பு கூட வந்த எழுவது பக்க புக்க படிச்சாரு. உன்னுதுல பல்பு வருதுல்ல?"

"நீயே கேட்டா இன்னா?"

தோசை கருகுது என்று உள்ளே போய்விட்டாள்.

5

நேற்றுக் காலை. சுவருக்கு இந்தப் பக்கம் நான் பல் துலக்கிக்கொண்டிருந்தேன். [ஒட்டுக்கேட்கவில்லை. பல்தான் கொஞ்சம் அதிக நேரம் துலக்கினேன்.] டென்னிஸ் கிளம்பினான். ஸ்பீக்கர் அறிவித்தது. வெளிச்சம் வடிந்தது. இரண்டு நிமிடத்தில் வேகமாகத் திரும்பி வந்தான். உடனே ஏழு விளக்கும் பளீரென்று எரிந்தன. "நல்வரவு, டென்னிஸ்."

"டிபன் டப்பாவ மறந்துட்டேன், லவி. குடு, டிரெயின் போயிடும்."

"ஒரு நிமிஷம் நில்லுங்க. வீட்ல ஒரு ஆள் இருக்கணும்னு சொன்னீங்க இல்ல?"

"எப்ப?"

"ஏழு வருஷம் ஆவுது. ஒரு மாசமா உங்க மெஷினு தெனம் வீட்ல யாருமே இல்லன்னு சொல்லுது. வீடு அப்படியேதான கீது? எங்கனா ஓடிப்போச்சா?"

[இங்கே டென்னிசுக்கு ஒரு சிரிப்பு வைத்திருந்தேன். எடுத்துவிட்டேன். அவன் என்ன பதில் சொல்கிறான் என்பதை நீங்களே எழுதிக்கொள்ளுங்கள். எனக்கு அவன்மேல் இன்னும் முழு நம்பிக்கை வரவில்லை. விளக்கை மட்டும் மங்கவிடாதீர்கள்.]

லவினா டப்பாவை நீட்டவில்லை. கையிலேயே வைத்திருந்தாள்.

"நானும் வேலைக்குப் போவணும். வாங்க, ஸ்டேஷன்ல எனக்கும் ஒரு சீசன் டிக்கெட் எடுங்க."