பதினேழு அங்குல மரியாதை

மாமனார் மாப்பிள்ளை மரியாதை என்று ஒன்று இருக்கிறதே, அது ஜலதோஷம் மாதிரி. அளவோடு வந்துபோனால் பரவாயில்லை. நெஞ்சில் கட்டிக்கொண்டால் மனுஷனை வாயைத் திறக்க விடாது. இந்தக் கதையில் வருகிற இரண்டு பேருக்கும் அது நெஞ்சில் கட்டிப்போயிருந்தது.

மாப்பிள்ளைக்கு டயர்க்கடை. சும்மா பஞ்சர் ஒட்டுகிற கடை என்று நினைத்துவிட வேண்டாம். காரை உயரம் குறைத்தவர்கள், எஞ்சினை மாற்றியவர்கள், புகைக்குழாயைப் பெரிதாக்கி ஊரை எழுப்புகிறவர்கள் எல்லாரும் எந்த ரிம், எந்த டயர் போடுவது என்று கேட்க அவனைத்தான் தேடி வருவார்கள். கடையில் அவன் புலி. பத்தொன்பது அங்குல ரிம் கேட்டு வந்த ஒருவரிடம், "இதைப் போட்டா வண்டி ஓடாதுண்ணே, நிக்கும். நிக்கிறதுக்கு உங்க வீட்டு வாசலே போதுமே" என்று சொல்லித் திருப்பி அனுப்பியவன். அப்பேர்ப்பட்ட வாய், மாமனார் முன்னால் மட்டும் பூட்டிக்கொள்ளும். "சரிங்க மாமா" என்கிற இரண்டு வார்த்தைக்கு மேல் அதில் ஸ்டாக் கிடையாது.

மாமனார் துறைமுகத்தில் கிரேன் ஓட்டி ஓய்வு பெற்றவர். இருபதடி நீளப் பெட்டியை உயரத்திலிருந்து பார்த்து, விரற்கடை பிசகாமல் இறக்கி வைத்த கண் அது. அவரிடம் கரும்பச்சையில் நாலு கதவுக் கார் ஒன்று இருந்தது. வயது இருபத்தெட்டு. வேறு ஸ்ப்ரிங் போட்டு ஒன்றரை அங்குலம் கீழே இறக்கி, ஸ்டீயரிங்கைச் சின்னதாக்கி, வாரம் தவறாமல் மெழுகு தேய்த்துப் பார்த்துக்கொண்டார். பெற்ற மகளுக்குக்கூட அவ்வளவு எண்ணெய் தேய்த்திருக்க மாட்டார்.

கல்யாணம் ஆகி நாலு வருஷமாகியும் அந்தக் கார் மாப்பிள்ளையின் கடைப் பக்கம் வரவே இல்லை. ஊருக்கெல்லாம் சக்கரம் மாட்டுகிறவன் இவன். சொந்த மாமனாரின் காரோ பாலத்தைத் தாண்டி வேறொரு கடைக்குப் போய்க்கொண்டிருந்தது. அது அவன் மனசில் முள்ளாகக் குத்தியது. வேறெந்தக் குறையும் அவனுக்கு இல்லை. அந்த மனுஷன் பெண்ணை நம்பிக் கொடுத்தார், காரை நம்பிக் கொடுக்கவில்லை, அவ்வளவுதான்.

"என் கை மேல உங்கப்பாவுக்கு நம்பிக்கை இல்லை" என்று மனைவியிடம் சொல்வான்.

"பழகின கடைங்க அது. இருபது வருஷப் பழக்கம்" என்பாள் அவள்.

அந்தப் பாலத்துக் கடைக்காரர் கண் பார்வை மங்கி, கடையை மூடிவிட்டு மகளோடு இருக்கப் போனார். இரண்டு மாதம் கழித்து ஒரு சனிக்கிழமை காலை, கரும்பச்சைக் கார் மாப்பிள்ளையின் கடை வாசலில் வந்து நின்றது. அவனுக்குக் கையும் ஓடவில்லை, காலும் ஓடவில்லை. அவசரமாகத் துணியை எடுத்து, சுத்தமாக இருந்த நாற்காலியையே மறுபடி துடைத்தான்.

"பழைய ரிம் அலுத்துப்போச்சு மாப்பிள்ளை. வேற மாத்தலாம்னு பார்க்கிறேன்" என்றார் மாமனார்.

கார் வந்து நின்றபோதே அதற்கு எந்த ரிம் பொருந்தும் என்கிற கணக்கு அவனுக்குத் தெரிந்துவிட்டது. பதினாறு அங்குலம், ஏழு அகலம், ஆஃப்செட் நாற்பத்திரண்டு. ஆஃப்செட் என்பது சக்கரம் மட்கார்டுக்கு உள்ளே எவ்வளவு போய் உட்காருகிறது, வெளியே எவ்வளவு துருத்துகிறது என்கிற கணக்கு. இறக்கின வண்டிக்கு அதில் கோட்டை விட்டால் அப்புறம் எதுவுமே சரியாக வராது. இதை வேறு யாராவது கேட்டிருந்தால் மூச்சு விடாமல் சொல்லியிருப்பான்.

"எது நல்லா இருக்கும்?" என்று மாமனார் கேட்டார்.

"நீங்க சொல்லுங்க மாமா."

"நீங்கதானே தொழில்காரர்."

"வண்டி உங்களோடதாச்சே மாமா."

இப்படியே ஐந்து நிமிஷம் போனது. நீங்க முதல்ல ஏறுங்க, நீங்க முதல்ல ஏறுங்க என்று கதவருகே நின்று, கடைசியில் பஸ்ஸையே விட்டவர்கள் உண்டு. அந்த ரகம் இது. சுவரில் ரிம்கள் வரிசையாக மாட்டியிருந்தன. மேல் வரிசையில் ஒரு பதினேழு அங்குல ரிம்மின் விலைச்சீட்டு கோணலாகத் தொங்கிக்கொண்டிருந்தது. மாமனார் வந்திருக்கிற நேரத்தில் இதுவா இப்படித் தொங்க வேண்டும் என்று அவன் அதையே பார்த்தான். மாமனார் அவன் கண் போன இடத்தைப் பார்த்தார்.

"அதுவா? பதினேழா? நல்லா இருக்கே" என்றார்.

அட, பெரியவருக்கு அது பிடித்துவிட்டதே என்று நினைத்தான் இவன். "ரொம்ப நல்லா இருக்கும் மாமா" என்றான்.

ஓகோ, மாப்பிள்ளைக்கு அதில்தான் இஷ்டம் என்று நினைத்தார் அவர். "அப்ப அதையே போட்டுடுங்க" என்றார்.

முடிந்தது கதை. ஜாக்கியில் தூக்கி மாட்டினபோது இடம் தாராளமாகத் தெரிந்தது. தூக்கின வண்டியில் எல்லாச் சக்கரமும் அழகாகத்தான் தெரியும். கீழே இறக்கினதும் பின்பக்க டயர் மட்கார்டின் விளிம்பை முட்ட வந்துவிட்டது. இரண்டு விரல் போக வேண்டிய சந்தில் சுண்டு விரல்கூடப் போகவில்லை. கழற்றிடலாம் மாமா என்று சொல்ல வாயெடுத்தான்.

"பிரமாதம்" என்றார் மாமனார்.

எடுத்த வாயை அப்படியே மூடி, "அம்சமா இருக்கு மாமா" என்றான். அடப் பாவி, தொழில் தெரிந்தவன் சொல்கிற பேச்சா இது!

அதற்கு அடுத்த ஞாயிறு மாமனாரும் மாமியாரும் வழக்கம்போல மதியச் சாப்பாட்டுக்கு வந்தார்கள். ஆனால் பஸ்ஸில் வந்தார்கள். "நடந்தா உடம்புக்கு நல்லதுன்னு டாக்டர் சொன்னார்" என்றார் மாமனார். பஸ்ஸில் வந்துவிட்டு நடையைப் பற்றி ஏன் பேசுகிறார் என்று யாரும் கேட்கவில்லை. அதற்கடுத்த ஞாயிறும் பஸ்தான். மூன்றாவது ஞாயிறு வரவே இல்லை.

"வண்டி எப்படி மாமா ஓடுது?" என்று போனில் கேட்டான்.

"வெண்ணெய் மாதிரி" என்றார்.

அந்த வெண்ணெய்யில் அவனுக்குச் சந்தேகம் வந்தது. வேறு ஏதாவது கடை பார்த்திருப்பார், நம்மிடம் சொல்லச் சங்கடப்படுகிறார் என்று அவனாகவே முடிவு கட்டி, இரண்டு நாள் சரியாகச் சாப்பிடாமல் திரிந்தான். கடைசியில் புதன்கிழமை, ரிம்முக்கு நடுவில் போடுகிற மூடி நாலை எடுத்துக்கொண்டு, அதைக் கொடுக்கிற சாக்கில் மாமனார் வீட்டுக்கே போனான்.

வாசலில் கார் நின்றது. பின் சக்கரத்தருகே பழைய போர்வையை விரித்து, மாமனார் ஒருக்களித்துப் படுத்திருந்தார். கையில் துணி சுற்றின மரச் சுத்தியல். மட்கார்டின் உள்விளிம்பைக் கொஞ்சம் கொஞ்சமாகத் தட்டி மேலே மடக்கிக்கொண்டிருந்தார். இருபத்தெட்டு வருஷம் மெழுகு தேய்த்த அந்தப் பச்சை, விளிம்பு நெடுக வெடித்து உதிர்ந்து போர்வையில் கிடந்தது.

"மாமா, என்ன பண்றீங்க?"

அவர் திடுக்கிட்டு எழுந்து உட்கார்ந்தார். "ஒண்ணுமில்லை. சும்மா. வேகத்தடை ஏறும்போது லேசா ஒரு சத்தம்."

"உரசுதா?"

"லேசா."

டயரைப் பார்த்தான். வெளி ஓரம் வழுக்கையாகியிருந்தது. லேசாவாம், லேசா! முழுப் பூசணிக்காயைச் சோற்றில் மறைக்கிற வயசா இது?

"ஏன் மாமா என்கிட்டச் சொல்லலை?"

மாமனார் வீட்டுப் பக்கம் ஒரு பார்வை பார்த்துவிட்டுக் குரலைத் தாழ்த்தினார். "மெதுவாப் பேசுங்க. உங்க மாமி காதுல விழுந்தா என் பொண்ணு காதுக்குப் போயிடும். முதல் தடவை வந்தேன். ஆசையா நீங்களே பார்த்து எடுத்துக் கொடுத்தது. அதுல போய்க் குத்தம் சொன்னா நல்லாவா இருக்கும்? விளிம்பை மடக்கிட்டா சரியாயிடும்னு நினைச்சேன்."

 வேறு கடைக்குப் போய்விட்டார் என்று இரண்டு நாளாக இவன் மனசுக்குள் திட்டிக்கொண்டிருந்த மனுஷன், இவன் முகம் வாடக் கூடாதென்று சொந்தக் காரைச் சுத்தியலால் அடித்துக்கொண்டிருக்கிறார். அவன் போர்வையில் அவர் பக்கத்திலேயே உட்கார்ந்துவிட்டான்.

"நான் எடுத்துக் கொடுக்கலை மாமா. நீங்க கேட்டீங்கன்னு போட்டேன். இதுக்குப் பதினாறுதான் சரி. அன்னிக்கே எனக்குத் தெரியும்."

"நானும் பதினாறுன்னு நினைச்சுத்தான் வந்தேன்" என்றார் மாமனார். "நீங்க அதையே பார்த்துக்கிட்டு இருந்தீங்களே."

"விலைச்சீட்டு கோணலா இருந்துச்சு மாமா."

மாமனார் சுத்தியலைக் கீழே வைத்தார். 

மறுநாளே கார் கடைக்கு வந்தது. பதினேழைக் கழற்றி, புதுசு வரும்வரைக்கும் ஓட்டப் பழைய சக்கரத்தையே மாட்டினான். பதினாறு ரிம்மில் பேச்சே இல்லை, இரண்டு பேருக்கும் ஒரே மனசு. தகராறு டயரில் வந்தது.

"ஐம்பத்தஞ்சு போடுங்க" என்றார் மாமனார். டயரின் பக்கச்சுவர் உயரம், அதன் அகலத்தில் நூற்றுக்கு எத்தனை பங்கு என்று சொல்கிற எண் அது. "உங்க மாமிக்கு இடுப்பு வலி. சுவர் உயரமா இருந்தாத்தான் குலுங்காமப் போகும்."

சரிங்க மாமா என்பது நாக்கு நுனிவரைக்கும் வந்தது. ஆனால் முந்தின நாள் போர்வையில் உதிர்ந்து கிடந்த பச்சை கண்ணில் நின்றது. ஒரு தடவை வாயை மூடினதற்கு அந்தக் கார் பட்டது போதும்.

"முடியாது மாமா. ஐம்பதுதான்."

மாமனார் நிமிர்ந்து பார்த்தார். "என்ன முடியாது?"

"ஐம்பத்தஞ்சு போட்டா சுவர் பத்து மில்லிமீட்டர் ஏறும். ஸ்டீயரிங்கை முழுசா ஒடிச்சா முன்னாடி உள்ளே இடிக்கும். வேணும்னா ஸ்ப்ரிங்கை மாத்தி வண்டியை அரை அங்குலம் தூக்கலாம்."

"ஸ்ப்ரிங்ல கை வைக்கக் கூடாது. அது பாலத்துக் கடைக்காரர் போட்டது."

"போட்டவர் அளவு பார்க்காமப் போட்டிருக்கார். பின்னாடி இடதும் வலதும் அஞ்சு மில்லிமீட்டர் வித்தியாசம் மாமா. வாங்க, காட்டுறேன்."

அவ்வளவுதான், பிடித்துக்கொண்டது. ஆள் இல்லாதபோது பேசக் கூடாது என்றார் மாமனார். அளவுகோல் ஆள் பார்த்துப் பேசாது என்றான் இவன். முப்பது வருஷம் ஆகாயத்திலிருந்து பெட்டி இறக்கினவனுக்கு அளவு சொல்லித் தருகிறீர்களா என்றார். பெட்டிக்கு ஸ்டீயரிங் கிடையாது மாமா என்று சொல்லிவிட்டான். சொன்ன பிறகுதான் எவ்வளவு தூரம் போய்விட்டோம் என்று உறைத்தது.

மாமனார் சாவியை வெடுக்கென்று எடுத்துக்கொண்டார். "இனிமே இந்தக் கடைப் பக்கம் தலைவச்சுப் படுக்க மாட்டேன்" என்றார். கார் ஒரு உறுமல் உறுமிவிட்டுத் தெருமுனையில் திரும்பி மறைந்தது.

அன்றைக்கு முழுக்க அவன் கை வேலையில் ஓடவில்லை. நாலு வருஷம் காத்திருந்து வாசலுக்கு வந்த வண்டியை அரை மணி நேரத்தில் விரட்டியாயிற்று. ஐம்பதாவது ஐம்பத்தைந்தாவது, வாயை வைத்துக்கொண்டு சும்மா இருந்திருக்கக் கூடாதா? சாயங்காலம் மனைவியிடம் சொன்னபோது அவள் முகமும் விழுந்துவிட்டது. "அப்பா உங்ககிட்டக் குரலை உயர்த்திப் பேசினாரா?" என்று இரண்டு தடவை கேட்டாள்.

மறுநாள் காலை கடை திறக்கப் போனான். ஷட்டருக்கு முன்னால் கரும்பச்சைக் கார் நின்றது. பின் சீட்டில் மாமியார் மடியில் கைப்பையோடு உட்கார்ந்திருந்தாள்.

"நான் எதுக்குன்னு கேட்காதீங்க மாப்பிள்ளை. பின்னாடி கனத்துக்கு ஆள் வேணுமாம். இந்த வயசுல என்னை மணல் மூட்டை ஆக்கிட்டார்" என்றாள்.

மாமனார் பின் சக்கரத்தருகே டேப்போடு குந்தியிருந்தார். ஏறிட்டுப் பார்க்கவில்லை.

"அஞ்சு இல்லை. நாலுதான் வித்தியாசம்" என்றார்.

"மாமா, நேத்து நான் ஏதாவது அதிகமா..."

"பேசினீங்க." டேப்பைச் சுருட்டினார். "பாலத்துக் கடைக்காரரோட இருபது வருஷம் சண்டை போட்டிருக்கேன். நான் சொன்ன எதுக்கும் ஒரு நாளும் தலையாட்டினது கிடையாது அந்த ஆள். அதனாலதான் கண்ணை மூடிக்கிட்டு வண்டியை விட்டுட்டு வருவேன். நீங்க நாலு வருஷமா நான் எதைச் சொன்னாலும் சரிங்க மாமா, சரிங்க மாமா. அப்படிச் சொல்றவங்ககிட்ட எப்படி வண்டியைக் கொடுக்கிறது, சொல்லுங்க?"

  அவன் குனிந்து ஷட்டரின் பூட்டைத் திறந்து, ஒரே தள்ளில் மேலே ஏற்றினான். மாமனார் எழுந்து அவன் பின்னாலேயே உள்ளே வந்தார்.

"ஸ்ப்ரிங்கைப் பார்த்துக்கலாம். டயர் ஐம்பத்தஞ்சு போட்டுடுங்க" என்றார்.

"முடியாது மாமா" என்றான் மாப்பிள்ளை.

"ஏன் முடியாது?" என்று மாமனார் சட்டைக் கையை முழங்கைவரைக்கும் மடித்துவிட்டுக்கொண்டார்.