எஸெல் மேபெரிக்கு நான் செய்த பற்கள்

எஸெல் மேபெரி என் பட்டறைக்கு முதன்முதலாக வந்தது 1967 ஜனவரி மாதக் கடைசியில். சிக்காகோவையே புதைத்த அந்தப் பெரும்பனி நின்று நாலைந்து நாள் ஆகியிருந்தது. நாற்பத்தேழாம் தெருவில் இன்னும் பஸ் ஒழுங்காக ஓடவில்லை. மனிதர் நடந்தே வந்திருந்தார். படியிறங்கி வந்தவர் கதவைப் பிடித்துக்கொண்டு வெகுநேரம் நின்றார். பனியில் நடந்த களைப்பு என்று நினைத்துக்கொண்டேன்.

எனக்கு அப்போது ஐம்பத்தாறு வயது. பல் டாக்டர் பெட்டிஃபோர்டின் கட்டடத்தில், நிலவறையில் என் பட்டறை. மேலே அவர் பிடுங்குவார், கீழே நான் கட்டுவேன். இருபத்திரண்டு வருஷமாகச் சாந்து அச்சு, மெழுகு, அரம், அரவைச் சக்கரம். முட்டி இரண்டும் போய்விட்டன. மூக்கைச் சிந்தினால் சாந்துத் தூசி வெள்ளையாக வரும். காலையில் எழும்போதே வேலை முடிந்து வந்தவன் போலத்தான் எழுவேன்.

"நீதான் பல்லு பண்ற ஆளா?" என்றார்.

"ஆமாண்ணே. ஹோசியா டில்மன்."

"எனக்குப் பல்லு வேணாம் ஹோசியா. மைக்குக்குப் பின்னால வைக்கிறதுக்கு ஒரு வாய் வேணும். பண்ணுவியா?"

அவர் யாரென்று சொல்லிக்கொள்ளவில்லை. சொல்லவேண்டிய அவசியமும் இல்லை. அந்த மனிதரின் மவுத் ஆர்கனைப் பதினான்கு வருஷமாகக் கேட்டுவந்தவன் நான்.

முதன்முதலாகக் கேட்டது 1953இல், நாற்பத்து மூன்றாம் தெருவில் மிஸ் ஆர்டீலியாவின் மதுக்கடையில், ஒரு ஞாயிறு மத்தியானம். தேவாலயம் முடிந்து, என் மனைவி லர்லீனுக்கு வறுத்த கெளுத்தி மீன் வேண்டுமென்று உள்ளே போனோம். மேடையில் கிதார்காரர் இருந்தார், டிரம் இருந்தது, மவுத் ஆர்கன் வாசிப்பவரைக் காணோம். சத்தம் மட்டும் வந்துகொண்டிருந்தது. கனமான, அடிவயிற்றிலிருந்து எழுகிற ஒரு நாதம். அந்தச் சின்னத் தகரப் பெட்டியிலிருந்து அது வருகிறது என்று யாராவது சொன்னால் அடிக்கத் தோன்றும். ஒரே சுரத்தைப் பிடித்து, அதைக் கீழே வளைத்து, வளைத்த இடத்திலேயே நிறுத்தி வைத்து, பிறகு மெல்ல அகலப்படுத்தினார். என் வாயில் மீன் இருந்தது. மெல்வதை மறந்துவிட்டேன்.

ஆள் வெளியே நடைபாதையில் நின்று வாசித்துக்கொண்டிருந்தார். மைக்கின் வயரை நீளமாக இழுத்து, கதவுக்கு அடியில் விட்டு, தெருவில் நின்றுகொண்டு வாசிப்பது அவர் வழக்கம். ஒருமுறை பஸ் டிரைவர் ஒருவர் நிறுத்தத்திலேயே பஸ்ஸை நிறுத்திவிட்டு, பாட்டு முடிகிறவரை கதவைத் திறந்தே வைத்திருந்தார். உள்ளே இருந்த ஒருவர்கூட முணுமுணுக்கவில்லை. இதை நானே கண்ணால் பார்த்தேன்.

அவருடைய ரெக்கார்டுகள் எல்லாம் வீட்டில் இருந்தன. ஆனால் ரெக்கார்டில் இருந்தது அவருடைய சட்டை மட்டும்தான். ஆளைப் பார்க்க ஞாயிற்றுக்கிழமை மதுக்கடைக்குப் போகவேண்டும். மைக்கையும் மவுத் ஆர்கனையும் சேர்த்து இரண்டு கைக்குள்ளும் பொத்தி, கண்ணை மூடி, ஏதோ சூடானதை மெதுவாகக் குடிப்பவர் போல வாசிப்பார். ப்ளூஸ் இசையை மவுத் ஆர்கனில் பெரும்பாலும் மூச்சை உள்ளே இழுத்துத்தான் வாசிப்பார்கள். அவர் இழுக்கும்போது அந்த அறையின் காற்றெல்லாம் அவர் பக்கம் போவது போல இருக்கும்.

அப்படிப்பட்டவரின் வாய் இப்போது என் விளக்கின் கீழே திறந்திருந்தது. டிசம்பரில் டாக்டர் எல்லாப் பல்லையும் எடுத்திருந்தார். ஈறு நன்றாக ஆறியிருந்தது. உயரமான, ஆழமான மேலண்ணம். அந்த நாதம் இங்கேதான் உருண்டிருக்கிறது என்று நினைத்துக்கொண்டே அச்செடுத்தேன்.

முதல் செட்டு பத்து நாளில் தயாரானது. பார்வைக்கு அருமையாக இருந்தது. போட்டுக்கொண்டு, கோட்டுப் பையிலிருந்து மவுத் ஆர்கனை எடுத்து ஒரு சுரம் வாசித்தார். பல் தகரத்தில் கடகடவென்று இடித்தது. சத்தம் மெலிந்து, கூர்மையாக, மூக்கால் பேசுபவன் போல வந்தது.

நான் முகத்தைச் சுளித்திருக்க வேண்டும். அவர் என் முகத்தையே பார்த்துக்கொண்டிருந்தார்.

"இது யாரோட சத்தம் டாக்டரே?" என்றார்.

நான் டாக்டர் இல்லை. கிண்டலுக்கு அப்படிக் கூப்பிட ஆரம்பித்தவர் கடைசிவரை விடவில்லை.

"மேல இருக்கற தகடு தடிமனா இருக்குண்ணே. நாக்குக்கு இடம் பத்தல. தேச்சுத் தர்றேன். செவ்வாய்க்கிழமை வாங்க."

அதிலிருந்து ஒவ்வொரு செவ்வாயும் வந்தார். டாக்டர் கிளம்பிய பிறகு, மாலை ஐந்து மணிக்கு. நான் தேய்ப்பேன், அவர் வாசிப்பார், நான் உதட்டைப் பிதுக்குவேன், மறுபடி தேய்ப்பேன். இரண்டாவது செட்டில் முன்பற்களைச் சற்று உள்ளே தள்ளி வைத்தேன். மூன்றாவதில் தகட்டைக் காகிதம் போல இழைத்தேன். அது அவர் வாயிலேயே விரிசல் விட்டது. பகல் முழுவதும் ஊராருடைய பல், அதன்பின் இவருடையது. வீட்டுக்குப் போனால் பூட்ஸைக் கழற்றக் குனிய முடியாது.

"அந்த மனுஷன் வாயைப் பத்தி யோசிக்கிறதுல பாதி என் முதுகுவலியைப் பத்தி யோசிச்சிருந்தா நான் இந்நேரம் டான்ஸ் ஆடியிருப்பேன்," என்றாள் லர்லீன், என் பூட்ஸைப் பிடுங்கிக்கொண்டே.

"அவரு எஸெல் மேபெரிடீ."

"யாரா இருந்தா என்ன? நீ அவருக்குப் பல்லு கட்டுறியா, இல்ல பதினாலு வருஷத்தைத் திருப்பிக் கட்டுறியா?"

நான் சாப்பிட உட்கார்ந்தேன்.

மார்ச் கடைசியில் நான்காவது செட்டு. இரவெல்லாம் படுத்துக்கொண்டு யோசித்து, மேலண்ணத்தை மூடாமல், குதிரை லாடம் போல ஓரங்களில் மட்டும் தகடு வைத்துக் கட்டியிருந்தேன். சாப்பிடத் தாங்காது. ஆனால் நாக்குக்குப் பழைய இடம் முழுவதும் திறந்திருக்கும்.

அவர் போட்டுக்கொண்டார். பொத்திப் பிடித்தார். இழுத்தார்.

வந்துவிட்டது. அந்தச் சத்தம். மேஜைமேல் இருந்த மெழுகுக் கத்தி அதிர்ந்தது. இருபத்திரண்டு வருஷத்தில் நான் செய்த வேலையெல்லாம் இதற்கான பயிற்சிதான் என்று தோன்றியது.

நான்கு எண்ணிக்கைகூட முடியவில்லை. சத்தம் அறுந்தது. அவர் மேஜையைப் பிடித்துக்கொண்டார்.

"எங்க உறுத்துது?" என்று அரத்தைக் கையில் எடுத்தேன்.

"உறுத்தல."

"பின்னால, கடவாய்ப் பக்கமா? காட்டுங்க."

"உறுத்தலைங்கறேன்ல."

மறுபடி வாசித்தார். மறுபடி அதே நாதம், மறுபடி அதே இடத்தில் அறுந்தது. இந்தமுறை நான் வாயைப் பார்க்கவில்லை. தோள்கள் காதுவரை ஏறி இறங்குவதைப் பார்த்தேன். மவுத் ஆர்கனைப் பிடித்திருந்த விரல்களின் நகம் நீலம் பாரித்திருந்தது. எட்டு வாரமாக இந்த ஆள் என் எதிரில் உட்கார்ந்திருக்கிறார். நான் வாயைத் தவிர எதையும் பார்க்கவில்லை, கழுத்துக்குக் கீழேயும் பார்க்கவில்லை.

அரத்தைக் கீழே வைத்தேன்.

"அண்ணே, இது பல்லு இல்ல."

"தெரியும்."

"எப்பலேர்ந்து?"

"போன வசந்த காலத்துலேர்ந்து. ஆஸ்பத்திரில படம் புடிச்சுக் காட்டினாங்க. பத்தொம்பது வருஷம் வார்ப்புப் பட்டறைல மணல் தின்னேன்ல. நெஞ்சுல ரெண்டு பக்கமும் அந்தத் தூசிதான் இருக்கு. மூச்சுக்கு எடம் கொஞ்சம்தான்."

எனக்குக் கோபம் வந்தது. களைப்பில் வருகிற கோபம், அதற்குச் சத்தம்கூட இருக்காது.

"அப்ப எதுக்கு என்னை எட்டு வாரமா தேய்க்க வச்சீங்க?"

அவர் மவுத் ஆர்கனைக் கைக்குட்டையில் துடைத்தார். துடைத்ததையே மறுபடி துடைத்தார்.

"பல்லுன்னா நீ சரி பண்ணிடலாம். நுரையீரலை யாரு பண்றது?" என்றார். பிறகு கொஞ்சம் மூச்சு வாங்கிக்கொண்டு சொன்னார்: "அதோட, போன வருஷம் பூரா நான் வாசிச்சு முடிச்சா எல்லாரும் கை தட்டுறான், அருமைங்கறான். முதுகுல தட்டிக் கொடுக்கறான். இங்க மொத செட்டைப் போட்டு வாசிச்சன்னைக்கு நீ ஒருத்தன்தான் மூஞ்சியைச் சுளிச்ச. அப்பத்தான் எனக்குத் தைரியம் வந்துச்சு. பழைய சத்தம்னு ஒண்ணு நெஜமாவே இருந்திருக்கு, அதை ஞாபகம் வச்சிருக்கறவன் ஒருத்தன் இருக்கான்னு."

என்னால் அவரைத் திட்ட முடியவில்லை. அது பல்லாகவே இருக்கவேண்டும் என்று நானும்தானே ஆசைப்பட்டேன். அவர் படியேறும்போது நடுவில் நின்று நின்று ஏறியதைப் பலதடவை கேட்டிருக்கிறேன். பனி, வயது, கனத்த கோட்டு என்று ஒவ்வொரு வாரமும் ஒரு காரணம் வைத்திருந்தேன்.

"மிஸ் ஆர்டீலியா வர்ற ஞாயித்துக்கிழமைக்குன்னு எம்பேரை வாசல்ல எழுதிப் போட்டுட்டா," என்றார். "போகவா, வேணாமா? நீ சொல்லு."

"வேணாம்ணே," என்றேன்.

"ம்," என்றார். பல்லைக் கழற்றாமலே கோட்டை மாட்டிக்கொண்டு போய்விட்டார்.

ஞாயிற்றுக்கிழமை நான் போவதாக இல்லை. லர்லீன்தான் தொப்பியை வைத்துக்கொண்டு கதவருகே நின்றாள். "நீ வரலைன்னா நான் மட்டும் போறேன். எனக்கு மீன் வேணும்," என்றாள்.

கடை நிரம்பி வழிந்தது. அவரை நாற்காலியில் உட்கார வைத்திருந்தார்கள். மைக்கின் வயர் சுருட்டியபடியே காலடியில் கிடந்தது. முதல் பாட்டைத் தொடங்கினார். பழைய வேகத்தில், பழைய நீளத்துக்கு வாசிக்கப் பார்த்தார். பாதியில் மூச்சுப் போய்விடும். கிதார்காரர் ஓடிவந்து இடைவெளியை நிரப்புவார். ஜனம் கத்திக் கத்திக் கை தட்டியது. அன்புதான், வேறென்ன. இரண்டாவது பாட்டும் அப்படியே. மூன்றாவதும். நான் மேஜையைப் பார்த்துக்கொண்டு உட்கார்ந்திருந்தேன். எழுந்து போய்விடலாமா என்றிருந்தது. லர்லீன் என் முழங்காலில் கையை வைத்து அழுத்திக்கொண்டிருந்தாள்.

நான்காவது பாட்டுக்கு முன் அவர் திரும்பி டிரம்காரரிடம் ஏதோ சொன்னார். பாட்டு மிகவும் மெதுவாகத் தொடங்கியது. அவர் வாசிக்கவில்லை. மைக்கைப் பொத்திக்கொண்டு மூச்சு வாங்கினார். மறைக்கவில்லை. நெஞ்சு கரகரப்பது கடை முழுவதும் கேட்டது. பிறகு ஒரே ஒரு சுரம் இழுத்தார். அது முடிந்ததும் நிறுத்தினார். டிரம் காத்திருந்தது. கிதார்காரர் பழக்கத்தில் உள்ளே நுழையப் பார்த்தார். எஸெல் கையைக் காட்டி அடக்கினார். மறுபடி கரகரப்பு. மறுபடி ஒரு சுரம், இந்தமுறை கீழே வளைத்து.

ஒரு மூச்சு எவ்வளவு தூரம் போகுமோ அவ்வளவு தூரம்தான். ஆனால் அந்தத் தூரத்துக்குள் அது முழுதாக இருந்தது. 1953இல் என் வாயில் மீனை நிறுத்திய அதே கனம். நடுவில் வந்த மௌனத்தில் யாரும் கத்தவில்லை, தட்டவில்லை. பக்கத்து மேஜைக்காரி, "என்ன இது, நிறுத்தி நிறுத்தி?" என்று கேட்க, கூட இருந்தவன் அவள் கையைப் பிடித்து அமர்த்தினான். அந்தப் பாட்டு எவ்வளவு நேரம் போயிற்று என்று எனக்குத் தெரியாது. முடிந்தபோது என் கை இரண்டும் வாயைப் பொத்தியிருந்தன.

ஐந்தாவது பாட்டு இல்லை. அவரால் எழ முடியவில்லை. இரண்டு பேர் நாற்காலியோடு தூக்கிப் பின்னறைக்குக் கொண்டுபோனார்கள். நான் போய்ப் பார்த்தேன். சட்டை நனைந்து, சுவரில் தலை சாய்த்திருந்தார்.

"எத்தனை பாட்டுல அந்தப் பழைய சத்தம் இருந்துச்சு டாக்டரே?"

"ஒண்ணுல."

"ஒண்ணே ஒண்ணா?"

"அதுலயும் நடுவுல நடுவுலதான்."

சிரித்தார். சிரிப்பு இருமலாகி அடங்க வெகுநேரம் ஆயிற்று. "பொய் சொல்லத் தெரியாத பய," என்றார். என் கையைப் பிடித்து, விடாமல் கொஞ்சநேரம் வைத்திருந்தார். "வேணாம்னு சொன்னியே, அதுவும் சரிதான். எனக்கு உடம்பெல்லாம் நோகுது."

அதன்பின் அவர் எங்கும் வாசிக்கவில்லை. மே மாதம், பக்கத்து உருக்காலை ஊரான கேரியில் இருந்த தங்கை வீட்டுக்குப் போய்விட்டார். மறுவருஷம் பிப்ரவரியில் இறந்தார் என்று மிஸ் ஆர்டீலியா ஆளனுப்பிச் சொன்னாள்.

நடுவில் இரண்டு தடவை ரயிலேறிப் போய்ப் பார்த்தேன். இரண்டாவது தடவை ஆகஸ்டில். தங்கை அவித்த கீரையும் சோள ரொட்டியும் வைத்தாள். இசையைப் பற்றி ஒரு பேச்சும் இல்லை. ரேடியோவில் பேஸ்பால் ஆட்டம் போட்டுவிட்டு, அந்த வருஷம் எங்கள் ஊர் அணி ஜெயிக்குமா என்று இருவரும் கொஞ்சம் வாதாடினோம். பேசிக்கொண்டிருக்கும்போதே அவர் தூங்கிப்போனார். மூச்சு குறுகிக் குறுகி வந்தது. ஜன்னலுக்கு வெளியே உருக்காலைப் புகை நேராக மேலே போய்க்கொண்டிருந்தது. எழுப்ப மனம் வரவில்லை. எனக்கும் அசதியாக இருந்தது. காலை நீட்டி, அந்த ஆட்டம் முடிகிறவரை அங்கேயே உட்கார்ந்திருந்தேன்.