ஐஸ் இல்லாத விலை

பேரம் பேசுகிறவர்களைக் கண்டாலே எனக்குப் பற்றிக்கொண்டு வரும். திண்டிவனத்தில் நான் வைத்திருப்பது கம்ப்யூட்டர் கடை, காய்கறிக் கடை இல்லை. 2010 ஆடியில் ஒரு காலை, மரக்காணத்தில் மீன் விற்கும் அஞ்சம்மாள் மகள் சங்கவியோடு வந்தார். பழைய புடவையில் சுற்றிய கம்ப்யூட்டரை பஸ்ஸில் மடியில் வைத்தே கொண்டுவந்திருந்தார்கள்.

ஆவணி முகூர்த்தங்களுக்குக் கல்யாண ஆல்பம் வடிவமைக்க விழுப்புரத்து ஸ்டுடியோ ஒன்றுக்கு ஆள் தேவைப்பட்டது. அன்று சாயங்காலத்துக்குள் மாதிரிப் பக்கம் அனுப்பினால் வேலை சங்கவிக்கு. ஆனால் அதற்கான ஆல்பம் மென்பொருளோ கிராபிக்ஸ் கார்டு இல்லாமல் திறக்கவே மாட்டேன் என்றது.

நான் எடுத்துக் காட்டியதிலேயே மலிவான கார்டு இரண்டாயிரத்து எழுநூறு. அவர்களிடம் இருந்தது இரண்டாயிரம். அஞ்சம்மாள் குறைத்துக் கேட்கவில்லை. இதைச் செய்ய என்ன செலவாகும் என்று கேட்டார். இத்தனை வருஷத்தில் யாரும் கேட்காத கேள்வி. வீம்புக்கு நானும் கார்டைப் பிரித்துவைத்துச் சொன்னேன்: சிப்பு, மெமரி, விசிறி, அட்டைப்பெட்டி, கப்பல் கூலி, வரி, சென்னை டீலர் கமிஷன், என் லாபம். செய்கிற இடத்தில் பாதி விலைகூட இருக்காது என்றும் உளறிவிட்டேன். வியாபாரி வாயில் வரக்கூடாத வார்த்தை.

அவர் மீனின் செவுளைப் பார்ப்பதுபோல் விசிறியைத் தூக்கிப் பார்த்தார். அது எதற்கு என்றார். கேம் ஆடினால் சூடாகும், அதற்கு என்றேன்.

"எம் பொண்ணு கேம் ஆடப் போறதில்ல தம்பி. கரையிலயே விக்கிற மீனுக்கு யாராச்சும் ஐஸ் காசு போடுவாங்களா? ஐஸ் இல்லாத வெல சொல்லுங்க."

கோபப்படத்தான் நினைத்தேன், சிரிப்பு வந்துவிட்டது. விசிறி இல்லாத கார்டு என்று ஒன்று உண்டு, வெறும் அலுமினியத் தகடோடு. கேம் ஆடும் பையன்கள் சீந்தாததால் அலமாரியில் தூங்கிக்கொண்டிருந்தது. ஆயிரத்துத் தொள்ளாயிரத்துக்குக் கொடுத்து நானே மாட்டியும் விட்டேன். மென்பொருள் மறுபேச்சில்லாமல் திறந்தது.

சங்கவி என் கடையிலேயே உட்கார்ந்து பக்கத்தை முடித்து அனுப்பினாள். மூன்று மணிக்கு ஸ்டுடியோக்காரர் போன் செய்தார். பக்கம் பிடித்திருக்கிறது, ஒரு பக்கத்துக்கு என்ன வேண்டும் என்று கேட்டார்.

"பத்து ரூபா போதுங்க சார்" என்றாள் சங்கவி.

அஞ்சம்மாள் போனை வாங்கிக்கொண்டார்.

"சங்கவி அம்மா பேசறேங்க. அது சொன்ன பத்து ரூபா மிசினுக்கும் கரண்டுக்குமே சரியாப் பூடும். எம் பொண்ணு கண்ணு நோவ குந்திக்கினு செய்யிதே, அதுக்கு அது காசே போடல. முப்பது ரூபா குடுங்க."

வந்த வேலையும் போச்சு என்று நினைத்தேன். சரிம்மா, ஆவணி முதல் முகூர்த்தத்துப் படங்களை அனுப்பிவைக்கிறேன் என்றார் ஸ்டுடியோக்காரர்.

"முப்பதா?" என்று கேட்டுவிட்டு, சங்கவி தன் இரண்டு கைகளையும் திருப்பித் திருப்பிப் பார்த்துச் சிரித்தாள்.