கொம்பு முளைத்த துளி

மேகம் எப்படி உறைகிறது என்று ஆராயும் விமானத்தின் பின் இருக்கையில் திரைக்கு முன்னால் உட்கார்ந்திருந்தவளுக்கு ஒரே வேலைதான். மேகத்துக்குள் நுழையும்போது இறக்கையிலுள்ள கேமரா துளிகளை நிழலாகக் காட்டும். உருண்டை என்றால் தண்ணீர். வடிவம் மாறியிருந்தால் ஐஸ். முதல் ஐஸைப் பார்த்ததும் அவள் சொல்ல வேண்டும். பைலட் உடனே திரும்பி அதே உயரத்தில் மறுபடி நுழைவார். தாமதித்தால் மேகத்தின் தலை முழுக்க உறைந்துவிடும். எங்கே ஆரம்பித்தது என்று யாராலும் சொல்ல முடியாது.

போன வாரம் அவள் சொன்னதை நம்பித் திரும்பினார்கள். ஒன்றுமில்லை. பெரிய துளிகள் கேமராவின் முனையில் மோதிச் சிதறியிருந்தன. அந்தச் சிதறலைத்தான் ஐஸ் என்று நினைத்துவிட்டாள். அன்றிலிருந்து அவள் பெயர் குச்சி ஐஸ். வைத்தது, கருவிகளைப் பார்த்துக்கொள்ளும் அவளுடைய அக்கா புருஷன்.

இன்று கடைசிப் பறப்பு. வெளியே பூஜ்யத்துக்கும் எட்டு டிகிரி கீழே. அப்படியும் திரையில் எல்லாம் உருண்டை.

"என்ன குச்சி ஐஸ், கடை திறந்தாச்சா?" ஹெட்போனில் அக்கா புருஷனின் குரல்.

"இன்னும் இல்ல மாமா."

"உறையவே மாட்டேன்னு அடம் பிடிக்குது," என்றார் பைலட். "பெட்ரோல் இன்னும் ஒரு தடவைக்குத்தான் வரும். நல்லா பாத்துச் சொல்லும்மா."

அப்போது ஒரு பெரிய துளி வந்தது. உருண்டைதான், ஆனால் ஓரத்தில் சின்னக் கொம்பு. துளி வெளியிலிருந்து உறையும்போது உள்ளே மாட்டிய தண்ணீர் பிதுங்கி அப்படி நிற்கும் என்று படித்திருந்தாள். பார்த்ததில்லை. சிதறல் கூட்டமாக வரும். இது தனியாக வந்தது.

இன்னொன்று வருகிறதா என்று பார்த்தாள். மேகத்தின் மறுபக்க வெளிச்சம் தெரியத் தொடங்கியது.

"திரும்புங்க சார்."

"ஐஸா, மறுபடி சிதறலா?" என்றார் மாமா.

"ஐஸ்தான். ஒண்ணு வந்துச்சு."

"ஒண்ண நம்பியா திரும்பச் சொல்ற?"

"முதல்னா ஒண்ணுதானே மாமா."

விமானம் சாய்ந்து திரும்பியது.

இரண்டாம் முறை நுழைந்தபோது திரையில் கொம்புத் துளிகள் நாலைந்து தெரிந்தன. அவற்றுக்கிடையே உடைந்த சில்லுகள், பொடிப்பொடியாக ஊசிகள். உருண்டைகளும் இன்னும் நிறைய இருந்தன. ஆரம்பம் கையில் கிடைத்துவிட்டது.

"சரி, குச்சிய எடுத்துடறேன். வெறும் ஐஸ்னு வச்சுக்கலாமா?" என்றார் மாமா.

அவள் ஊசிகளைப் பார்த்துக்கொண்டிருந்தாள்.