ஜூலையில் உறைந்த ஏரி

1934 ஜூலை பதினோராம் தேதி பகல் இரண்டு மணிக்கு, எங்கள் ஊர் சவோன்லின்னாவுக்கு வெளியே ஏரி நாற்பது அடி அகலத்துக்கு உறைந்துபோயிற்று. மற்ற இடங்களில் தண்ணீர் வெதுவெதுப்பாகவே இருந்தது.

காரணம் கணிதப் பேராசிரியர் ஆர்மஸ் வெஸ்டெரினென். அவர் ஆழ்ந்து யோசித்தால் பக்கத்திலிருப்பது உறையும். ஹெல்சின்கியில் படித்த காலத்தில் மைக்கூடுகள் உறைந்து வெடித்தன. ஆசிரியர்கள் மே மாதத்திலும் கம்பளிக் கோட்டோடு வந்து அவர் சொல்வதைக் கேட்டார்கள். முப்பத்திரண்டு வயதில் பேராசிரியரானார். பகா எண்களைப் பற்றிய அவருடைய தேற்றம் ஜெர்மனிவரை பேசப்பட்டது. மனைவி சைமாவுக்கு மட்டும் பயம். மகள் லெம்பியின் கட்டிலை அவர் அறைக்கு மூன்று அறை தள்ளிப் போட்டாள். தினமும் காலையில் குழந்தையின் காது மடலைத் தொட்டுப் பார்த்தாள்.

அந்த ஜூலையில், தேற்ற நிரூபணத்தின் ஏழாம் பக்கத்தில் ஓர் ஓட்டை இருப்பது ஆர்மஸுக்குத் தெரிந்தது. யாரிடமும் சொல்லவில்லை. கோடை வீட்டின் படித்துறையில் உட்கார்ந்து அதை அடைக்கப் பார்த்தார். எட்டு வயது லெம்பி எதிரே நீந்திக்கொண்டிருந்தது அவர் நினைவிலேயே இல்லை. நீராவிக் குளியலறைக்கு விறகு பிளந்துகொண்டிருந்த சைமா, பனி இறுகும் சத்தம் கேட்டு ஓடிவந்தாள். பனிக்கு அடியில் மகளின் உள்ளங்கை தெரிந்தது. கோடரியால் வெட்டினாள். வெட்ட வெட்ட மூடிக்கொண்டது. பயம் வந்தால் ஆர்மஸுக்குக் கணக்குதான் ஓடும். இப்போது முன்னைவிட வேகமாக ஓடியது.

“யோசிக்காதீங்க!”

“முடியல சைமா. கணக்கு முடிஞ்சாத்தான் நிக்கும்.”

“அது முடியாதுன்னு உங்களுக்கே தெரியும். ஒரு வாரமா உங்க மூஞ்சி சொல்லுது. வாயைத் திறந்து சொல்லுங்க.”

ஆர்மஸ் பனிமேல் மண்டியிட்டார். “ஏழாம் பக்கம் தப்பு,” என்றார். “தேற்றமே நிக்காது. நான் கண்டுபிடிச்சது ஒண்ணுமில்ல.”

பனி விரிசல் விட்டது. சைமா தலைமுடியைப் பிடித்து மகளை வெளியே இழுத்தாள். நீலம் பாரித்துக் கிடந்த லெம்பி வெகுநேரம் இருமிவிட்டு, “ஏழாம் பக்கம்னா என்னம்மா?” என்று கேட்டாள்.

ஆர்மஸ் பிழையை அறிவித்துக் கடிதம் எழுதினார், பதவியை விட்டார், எங்கள் ஊர்ப் பெண்கள் பள்ளியில் சேர்ந்தார். வெயில் கடுமையான ஒரு கோடையில், பால் கூட்டுறவுச் சங்கத்தார் வெள்ளிக்கிழமைதோறும் வந்து வெண்ணெய்ப் பீப்பாய்கள் பக்கத்தில் கணக்குப் போடும்படி கேட்டுக்கொண்டார்கள். ஒப்புக்கொண்டார். ஆனால் பென்சிலைத் தொடுமுன் தொலைபேசியை எடுத்து, லெம்பி எங்கே என்று கேட்பார். அவளுக்குக் கல்யாணமாகி இரண்டு பிள்ளைகள் பிறந்த பிறகும் கேட்டார். “தரையிலதான்பா இருக்கேன், பிள்ளைங்களும் இங்கதான்,” என்று அவள் சொல்வாள். அந்தக் குரல் வரும்வரை வெண்ணெய் காத்திருக்கும்.